மூன்றரைக்கு நூற்றுப்பன்னிரண்டு

தூங்கக் கூடாது. இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது தூங்குவதற்காக இல்லை, மகள் பெனி தூங்குவதைப் பார்ப்பதற்காக. மணி இரண்டு ஐந்து. ஒன்றரைக்குச் சாப்பிட்டாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், அப்படியென்றால் மூன்றரை. இது ஒன்றும் மலையைப் புரட்டுகிற கணக்கு இல்லை, ஒன்பது மாதமாகப் போடுகிற கணக்குதான், ஆனால் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த தலைக்குள் ஒன்றரையும் இரண்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது. விரலை விட்டு எண்ணிவிட்டேன். மூன்றரைதான். போனில் அலாரம் வைத்தாயிற்று, வைத்ததை இரண்டு தடவை சரிபார்த்தாயிற்று, இப்போது மூன்றாவது தடவையும் கை போகிறது. மத்தியானம் மூன்றரையா, விடியற்காலை மூன்றரையா? மத்தியானம்தான். மனைவி எப்சி பார்த்தால் சிரிப்பாள். அவள் சாயர்புரத்தில் சித்தி மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டாள். செருப்பை மாட்டுகிற வரைக்கும், "இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா பாத்துக்கிடுங்க, தூங்கிராதிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானா தூங்குவேன்? குளிர்பதனக் கிடங்கில் பதினோரு வருஷமாக ராத்திரி முழித்திருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். பெனியின் சாப்பாட்டுத் தட்டு இன்னும் தரையில் கிடக்கிறது. ஈ மொய்க்கிறது, ஆனாலும் எடுக்க மாட்டேன், அதில் மூன்றில் ஒரு பங்கு சோறு மிச்சம் இருக்கிறது, அது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சாப்பிடும் முன் குத்திப் பார்த்தபோது நூற்று நாற்பத்தாறு. அதற்கும் முழுத் தட்டுச் சோற்றுக்குமாகச் சேர்த்து இன்சுலின் ஊசி போட்டேன். போட்டு, அவள் மூன்றில் இரண்டு பங்கு சாப்பிட்டு, மீன் துண்டைக் கையில் பிடித்தபடியே தலை தொங்கிவிட்டது. சோற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு ஒன்பது வயசுப் பிள்ளை தூங்குமா? "ஏட்டி, இன்னும் நாலு வாய்" என்றேன். "முடியலப்பா, தூக்கமா வருது." அரை டம்ளர் பால் குடிக்க வைத்தேன், அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அரை டம்ளர் பால் அந்தச் சோற்றுக்கு ஈடா? டாக்டர் கொடுத்த தாளில் தேடிப் பார்த்தேன், ஈடு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து உள்ளே போய்ச் சோற்றைத் தேடும், தேடிக் கிடைக்காவிட்டால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கட்டிலில் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறாள். கைகள் இரண்டும் கன்னத்துக்கு அடியில். வாய் அழகாக மூடியிருக்கிறது. காலண்டரில் போடுகிற பிள்ளை மாதிரி தூங்குகிறாள், மாசு மறுவில்லாத தூக்கம். சின்னதிலும் இப்படித்தான் தூங்குவாளா? யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. தொட்டிலில் கிடந்தபோது எப்படித் தூங்கினாள் என்பது கூட நினைவில் இல்லாத அப்பன் நான். நெற்றியில் வேர்வை. சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், உதடு வெளுக்கும் என்று ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டினார்கள். யாருடைய ஊருக்காக அந்தப் படத்தைப் போட்டார்களோ, தூத்துக்குடியில் மே மாதம் மத்தியானம் வேர்க்காதவன் செத்தவன்தான். எனக்கும் வேர்க்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, ஆனாலும் வேர்க்கிறது. எழுந்து போய் நெற்றியைத் தொட்டேன், ஈரம், சூடான ஈரமா குளிர்ந்த ஈரமா? சூடான ஈரம் என்றால் வெயில், குளிர்ந்த ஈரம் என்றால் சர்க்கரை. என் கையே குளிர்ந்துதான் இருக்கிறது, பதினோரு வருஷமாகக் குளிருக்குள் வேலை பார்த்த கை, அது எதைத் தொட்டாலும் சூடு என்றுதான் சொல்லும். இப்போதே குத்திப் பார்த்துவிடலாமா? பார்த்தால் முழித்துவிடுவாள். ராத்திரியும் எழுப்பி, பகலிலும் எழுப்பி, என்ன பிழைப்பு இது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாள், "கணக்குப் பாடத்துல தலையைக் கவுத்துட்டுத் தூங்குதா சார், நாங்க எழுப்ப பயந்துக்கிட்டு விட்டுருதோம்." எழுப்பவும் பயம், எழுப்பாமல் இருக்கவும் பயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் அடுப்படியில் நின்று நான் எப்சியிடம் சொன்னேனே, அது இப்போது காதுக்குள் என் குரலிலேயே கேட்கிறது. "முழிச்சிருந்தாலாவது வாயைத் திறந்து சொல்லுவா. தூங்கும்போது எறங்கிட்டுன்னா நமக்கு எப்படித் தெரியும்? பிள்ள எந்திரிக்காமலே போயிரும்." எப்சி என் வாயைப் பொத்தினாள். அறையில் பெனி தூங்கிக்கொண்டிருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ராத்திரி இரண்டு மணி அலாரம். நான் வீட்டில் இருக்கிற வாரம் நான் எழுந்து பார்ப்பேன், நான் ராத்திரி ஷிப்டு போகிற வாரம் எப்சி எழுந்து பார்ப்பாள். இரண்டு மணிக்கு ஒருவர் முழித்தே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. இல்லை, இருபத்தைந்து. சர்க்கரை எழுதுகிற நோட்டு ஸ்டூல் மேல் இருக்கிறது, மெஷினும் பக்கத்திலேயே. பெனியே ஸ்கேல் வைத்துச் சிவப்பு ஸ்கெட்சில் கோடு போட்ட நோட்டு, தேதி, மணி, எத்தனை என்று மூன்று கட்டம். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைத் தாளை அதன் மேல் வைத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை. "நோட்டு ஒரு கதை சொல்லுது, ரத்தம் வேற கதை சொல்லுது, நான் எதை நம்ப?" என்று கேட்டார். நோட்டின்படி பார்த்தால் பெனிக்குச் சராசரி அருமையாக இருந்திருக்க வேண்டும், ரத்தத்தில் கண்டபடி ஏறிக் கிடந்தது. எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதற்குக் குனிய வேண்டும்? "பிள்ளை நல்லாத் தூங்குறாளா? தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும், குறிப்பா சின்னப் பிள்ளைகளுக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் பிள்ளை தூங்கவில்லை என்று இவர் எப்படிச் சொல்லலாம்? "ஒம்பது மணிக்கே படுத்துருவா டாக்டர், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா" என்றேன். அவர் வாதம் செய்யவில்லை. "அடுத்த தடவை நோட்டு வேண்டாம், மெஷினைக் கொண்டு வாங்க, அதுக்குள்ள எல்லாம் பதிவாகி இருக்கும்" என்று மட்டும் சொன்னார். நாளைக் கழித்து அந்த அடுத்த தடவை. மெஷினில் ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் பழைய எண்கள் எல்லாம் தேதி, மணியோடு வரிசையாக வரும். எனக்குத் தெரியும், ஐந்து நாளாகத் தெரியும், ஐந்து நாளாக அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்கிறேன். ஏனென்றால் நோட்டை நான் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக் கட்டத்தில் என் வாரம் எல்லாம் நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து, நூற்று எழுபது. எப்சி வாரம் எல்லாம் நூற்றுப்பன்னிரண்டு, நூற்றுப் பதினெட்டு, நூற்றொன்பது, மறுபடியும் நூற்றுப்பன்னிரண்டு. முதலில் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம். "உங்க கைராசி அப்படி, என் கைராசி இப்படி" என்பாள். ராசி பார்த்தா ரத்தத்தில் சர்க்கரை ஏறும்? பாவம், ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றுவிட்டு வருகிறவள், பாதம் வீங்கி வருகிறவள், இரண்டு மணிக்கு எழுந்திருக்க முடியாமல் கையில் வந்ததை எழுதிவைத்திருந்தால்? ஒரு தடவை அவளே சொன்னாள். "எனக்கு ராத்திரி பாத்ததே ஞாபகம் இல்லங்க, காலையில பாத்தா எழுதியிருக்கேன்." அப்போது சிரித்தேன். என் மனைவி என் பிள்ளை உயிரில் பொய் எழுதுவாளா? எழுத மாட்டாள். எழுதியிருக்கிறாள். எழுத மாட்டாள். ஈ தட்டிலிருந்து என் முழங்காலுக்கு வந்துவிட்டது.

பொய்யாக எழுதுவது எப்படி என்று எனக்குத்தானே தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும். கிடங்கில் ஐந்து அறை. இறாலும் கணவாயும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். மணிக்கு ஒரு தடவை ஐந்து அறை வாசலுக்கும் நடந்து போய், வெளியே மாட்டியிருக்கிற மீட்டரைப் பார்த்து, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பத்தொன்பது என்று தாளில் எழுத வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எவன் நடப்பான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுவோம், அதற்கு எங்களுக்குள் நாற்காலி ரீடிங் என்று பெயர். லூர்து அண்ணன்தான் அதில் பெரிய ஆள், கண்ணை மூடிக்கொண்டே ஐந்து அறையையும் எழுதிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவரைப் போலவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதிக் காட்டினேன், பெனிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. "மாட்டிக்கிட மாட்டாவளாப்பா?" "ஒரே நம்பரா எழுதுனா மாட்டிக்கிடுவான். ஒண்ணு ரெண்டு கூட்டிக் கொறச்சு எழுதணும். நல்ல நம்பரா எழுதணும், யாரும் கேள்வி கேக்க மாட்டான். அதாம்ட்டி தொழில் சுத்தம்." எப்சி கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் மனசில் விழுந்திருக்கும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், என் வாயால்தான் சொல்லிக் கொடுத்தேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். தூங்கவில்லை. நான்காம் அறை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுவேன். கதவுக்குக் கீழே வெள்ளைப் புகை வழிகிறது, ஸ்வெட்டர் போடாமல் வந்துவிட்டேன், பரவாயில்லை, ஒரு நிமிஷம்தான். தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது, எல்லாத் தட்டிலும் மூன்றில் ஒரு பங்கு சோறு. யார் இவ்வளவு மிச்சம் வைத்தது? லூர்து அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார், எழுதுடே, எழுது. மீட்டரில் எண் இருக்கிறது, இருக்கிறது என்று தெரிகிறது, வாசிக்க முடியவில்லை, கண்ணாடியில் பனி மூடியிருக்கிறது. துடைக்கிறேன், என் கை குளிர்ந்த கை, துடைத்தால் இன்னும் மூடுகிறது. எங்கேயோ ஒரு மணி அடிக்க ஆரம்பித்து அரை ஓசையில் நிற்கிறது. யாரோ வெறுங்காலோடு நடக்கிறார்கள். பேனா மூடி திறக்கிற சத்தம். எழுதிவிட்டேன் அண்ணே, எழுதிவிட்டேன். சரி, தூங்கு என்கிறது ஒரு குரல், ரொம்ப நல்ல குரல்.

கழுத்து வலித்து முழிப்பு வந்தது. மணி மூன்று ஐம்பது. மூன்று ஐம்பது! அலாரம் அடிக்கவில்லையா? அடித்து நான்தான் நிறுத்தினேனா? போன் தொடை மேலேயே இருக்கிறது, அலாரம் அணைந்திருக்கிறது, வைக்காமல் விட்டது இல்லை, வைத்து அணைத்தது. பெனி. பெனி அதே மாதிரி, கை கன்னத்துக்கு அடியில், வாய் மூடி. மூச்சு போய் வருகிறது. எண்ணினேன், பத்து மூச்சு வரைக்கும் எண்ணினேன். அதன் பிறகுதான் நோட்டைப் பார்க்கிறேன். திறந்து கிடக்கிறது. இன்றைய தேதி. 3.30. நூற்றுப்பன்னிரண்டு. நீல மையில், என் சாய்ந்த கையெழுத்தில். அப்பாடா என்று உடம்பு முழுக்கத் தளர்ந்தது, பார்த்துவிட்டேன், எழுந்து பார்த்து எழுதிவிட்டுத்தான் மறுபடி தூங்கியிருக்கிறேன். ஆமாம், எழுதினேனே, எழுதினது நினைவில் இருக்கிறதே, பேனா மூடி திறந்த சத்தம் கூட இருக்கிறதே. எங்கே வைத்து எழுதினேன்? நான்காம் அறை வாசலில் வைத்து. அது கனவு. கனவில் எழுதினால் நோட்டில் எப்படி வரும்? தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், நாசரேத்தில் ஒருத்தர் தூக்கத்திலேயே கிணற்றடி வரைக்கும் போய்க் குளித்துவிட்டு வந்தாராம். அப்படி நானும் எழுந்து, பஞ்சை எடுத்து, விரலில் குத்தி, ஸ்ட்ரிப்பைச் செருகி, ஐந்து நொடி காத்திருந்து, எழுதி, அலாரத்தையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேனா? பஞ்சு எங்கே? குப்பைக்கூடையில் மத்தியானப் பஞ்சு ஒன்று கிடக்கிறது. ஒன்றா, இரண்டா? ஒன்று. கிளறிப் பார்த்தேன், ஒன்றுதான். போன் அடித்தது, எப்சி, எடுத்தவுடன் எப்போதும் போல ஒரே கேள்வி. "எத்தன?" என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "நூத்திப் பன்னெண்டு." "யப்பா, உங்க கைக்கும் நல்ல ராசி வந்துட்டு போல. பிள்ள தூங்குதாளா?" "தூங்குதா." "தூங்கட்டும், எழுப்பாதிய. இங்க மக்ரூன் தந்தாவ, ஒண்ணே ஒண்ணு கொண்டாரேன், ராத்திரி சாப்பாட்டோட கணக்கு பண்ணிக் குடுப்போம்." அவளுக்குப் பின்னால் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டது. வைத்துவிட்டாள். என்ன காரியம் செய்தேன் நான்? பார்த்தேனா என்று தெரியாமலே பார்த்ததாகச் சொல்லிவிட்டேன்.

எப்சியின் வாக்கியம் இப்போதுதான் முழுசாக வந்து நிற்கிறது. பார்த்ததே ஞாபகம் இல்லை, காலையில் பார்த்தால் எழுதியிருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவள் அதை ஏன் அவளாகவே என்னிடம் சொல்ல வேண்டும்? அவளும் இப்படித்தான் முழித்திருக்கிறாள், இப்படித்தான் நோட்டைப் பார்த்திருக்கிறாள், இப்படித்தான் அப்பாடா என்றிருக்கிறாள். அவள் எழுதவில்லை என்றால், நானும் எழுதவில்லை என்றால். மெஷினை எடுத்து ஐந்து நாளாகத் தொடாத பொத்தானை அழுத்தினேன். முதலில் வந்தது நூற்று நாற்பத்தாறு, இன்று, ஒன்று இருபத்தைந்து. அதற்கு முந்தையது காலையில் எப்சி பார்த்தது. மறுபடி அழுத்தினேன். நேற்று ராத்திரி இரண்டு மணி, இல்லை. அதற்கு முந்தின ராத்திரி, இல்லை. என் வாரத்து ராத்திரிகள் எல்லாம் இருக்கின்றன, எப்சி வாரத்து ராத்திரி ஒன்று கூட இல்லை. மூன்றரை, இல்லை. சாப்பிட்டதிலிருந்து யாரும் பார்க்கவில்லை. முழு ஊசியும் மிச்சச் சோறும், இரண்டு மணி இருபது நிமிஷமும். கட்டிலைப் பார்த்தேன். பெனியின் இமைகள் இறுக்கி மூடியிருந்தன, தூங்குகிற கண் அவ்வளவு பாடுபடாது. "பெனி" என்றேன், சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

"என்னப்பா?"

தூக்கத்தின் ஒரு இழை கூட இல்லாத குரல். எழுந்து உட்கார்ந்தாள், விரலை அவளாகவே நீட்டினாள், நீட்டின விரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறதா, சர்க்கரையில் நடுங்குகிறதா, எனக்கு இனி எதுவும் யோசிக்க வேண்டாம், குத்தினேன், பிதுக்கினேன், ஸ்ட்ரிப் ரத்தத்தைக் குடித்தது, மெஷின் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணியது. அறுபத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது என்று சொன்ன டாக்டரின் முகம், எப்சியின் முகம், அடுப்படி, எல்லாம் ஒன்றாக வந்து மோதின. குளுக்கோஸ் டப்பாவைத் திறக்கத் தெரியவில்லை, திருகுவதா இழுப்பதா, ஒன்பது மாதமாகத் திறக்கிற டப்பா. மூன்று கரண்டி, அரை டம்ளர் தண்ணீர். குடித்தாள். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அவள் டம்ளருக்கு மேலே என்னைப் பார்க்கவில்லை, மெஷினில் இருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ தப்பு இருக்கிற மாதிரி.

"முழிச்சுத்தானப்பா இருந்தேன்?"

"எப்ப?"

"இப்ப. நீங்க தூங்குன நேரம் பூரா. கண்ணைத்தான் மூடிட்டு இருந்தேன். அப்பறம் ஏன் எறங்கிட்டு?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, அவள் விட்டுவிட்டுச் சொன்னதால் இல்லை, என் மண்டை ஏற்க மறுத்ததால். முழிச்சிருந்தா இறங்காது, தூங்கினால்தான் இறங்கும் என்று நீங்கதான் அடுப்படியில் வைத்து அம்மாவிடம் சொன்னிய என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை, முழித்திருந்தால் வாயைத் திறந்து சொல்லுவாள் என்றுதான் சொன்னேன், ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளை இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டால் அது இப்படித்தான் கேட்கும். அம்மா நாள் பூராவும் கடையில் நின்றுவிட்டு வருகிறாள், அவளை எதுக்கு எழுப்ப வேண்டும், நான்தான் முழித்திருக்கிறேனே, முழித்திருந்தால் இறங்காதே, அப்புறம் எதுக்கு விரலில் குத்த வேண்டும் என்றாள். "மணி அடிக்கதுக்கு முந்தியே அமத்திருவேன். மெஷின் பீப்னு கத்தும், அம்மா முழிச்சிருவாவ, அதான் பாக்கல." நம்பர்? "ஒரே நம்பரா எழுதுனா மாட்டிக்கிடுவாவன்னு நீங்கதான சொன்னிய? நல்ல நம்பரா எழுதணும்னு." கையெழுத்து? "அம்மா மாதிரியும் எழுதுவேன், உங்கள மாதிரியும் எழுதுவேன்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு துளி பெருமை கூட இருந்தது. எத்தனை ராத்திரி? அவளுக்குத் தெரியவில்லை. அம்மா வாரம் எல்லாம் என்றாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், எத்தனை மாதமாக, நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையைக் காவல் காத்ததாக நினைத்துக்கொண்டிருக்க, இது எங்களைக் காவல் காத்திருக்கிறது. காவல் காத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்க் கணக்குப் புத்தகத்தின் மேல் தூங்கியிருக்கிறது. தூக்கம் கெட்டுச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஏறினது நோட்டில் இறங்கி நூற்றுப்பன்னிரண்டாக இருந்திருக்கிறது. நான் டாக்டரிடம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாள் என்று சொன்னேன். எப்சியை ஐந்து நாளாகக் கள்ளி என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை, அழுதேன். "அம்மாகிட்டச் சொல்லிராதிய" என்றாள், நான் அதற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பதினைந்து நிமிஷம் ஆனதும் அடுத்த விரலை நீட்டினாள். நூற்று மூன்று. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து எண்ணைப் பார்த்தோம். இரண்டு பிஸ்கட் கொடுத்தேன், மென்றுகொண்டே யோசித்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் ஒரு கோடு, கணக்குப் போடும்போது எப்சிக்கு விழுகிற அதே கோடு.

"முழிச்சிருந்தாலும் எறங்குமாப்பா?"

"எறங்கும்."

"தூங்குனாலும் எறங்கும்."

"ஆமா. அதுக்குத்தான் மெஷின் இருக்கு. குத்திப் பாத்தாத்தான் தெரியும். பாத்துட்டா சரி பண்ணிரலாம், இப்ப பண்ணலையா?"

"நான் முழிச்சிருக்கதுனால ஒண்ணும் ஆகாது?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப நான் தூங்கலாமா?"

தூங்கு என்று சொல்வதற்குள் சாய்ந்துவிட்டாள். பிஸ்கட் துகள் உதட்டிலேயே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது, ஒரு கை தலைக்கு மேல் கோணலாகப் போய்விட்டது, தொண்டைக்குள் கர் கர் என்று ஒரு சத்தம், கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணையில் வட்டமாக நனைகிறது. இதுதான். தொட்டிலிலும் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாள், எச்சிலில் சட்டைக் கழுத்து எப்போதும் நனைந்திருக்கும், எப்சி திட்டிக்கொண்டே மாற்றுவாள். இப்போது நினைவுக்கு வருகிறது. நோட்டில் நூற்றுப்பன்னிரண்டை அடித்துவிட்டு, அதன் கீழே அறுபத்து நான்கு என்று எழுதினேன், அதற்கும் கீழே நூற்று மூன்று. எப்சிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், எதற்கென்று அவளுக்கே புரியாது. ஐந்தரைக்கு மறுபடி பார்க்க வேண்டும். கண் எரிகிறது. நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.